அக்காவின் எட்டாம் வகுப்பு சர்ட்டிபிகேட்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். கோணலும் மாணலுமாகத்தான் எழுத வருகிறது, எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதி மறந்தும் போகிறது. முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வந்திருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா இறந்துபோய், வருகிற மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. அவள் மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அம்மா நினைவாகச் சின்னதாக ஒரு புத்தகம் அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கப் போகிறாளாம். தெரிந்தவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "சின்னம்மா, அம்மாவ உன்ன மாதிரி யாருக்குத் தெரியும், நீ எழுது" என்று ஒரு நோட்டையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நோட்டு பத்து நாள் டிவி மேலேயே கிடந்தது.

நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அக்காவைப் பற்றி எழுதினால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. முப்பத்தொன்பது வருஷம் நான் அவள் பெயரில் வேலை செய்தேன். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்குள்ளே இன்னொன்று இருக்கிறது. அதை நான் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

அக்கா என்னைவிட நாலு வயசு பெரியவள். ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பு வரை போய்ப் பாஸ் செய்த முதல் பெண் அக்காதான். அவள் நடக்கும்போது தலையைக் குனிய மாட்டாள். வீட்டுக்குள் நுழையும் முன்னால் செருப்பை இரண்டு தட்டு தட்டி மண்ணை உதிர்ப்பாள். நானும் இரண்டு தட்டு தட்டுவேன். அவள் எப்படி வகிடு எடுப்பாளோ அப்படி எடுப்பேன். அவள் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தால் எனக்கும் தாகம் எடுக்கும்.

அவளைப் போலச் செய்ய முடியாமல் போனது அவள் பேச்சு ஒன்றுதான். யாராவது வீட்டுக்கு வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அக்கா யாரிடமும் பேசுவாள். வீட்டுக்காரம்மா உருதுவில் திட்டினால் உருதுவிலேயே பதில் சொல்வாள். ஒருநாள் அந்த அம்மா, குழாயை ரொம்ப நேரம் திறந்து வைத்துவிட்டோம் என்று சத்தம் போட்டார். அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "குழாய் உங்களுது, ஒத்துக்கறோம். தண்ணி முனிசிபாலிட்டிது. நீங்க இன்னாத்துக்கு பேஜார் ஆவறீங்க?" என்றாள். அந்த அம்மாவே சிரித்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று அதே வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அது நன்றாக இல்லை.

ரோட்டுப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி வந்தது. ஷூவுக்கு மேல் பாகம் தைக்கிற கம்பெனி. அப்பர் என்று சொல்வார்கள். பதினெட்டு வயசு முடிந்து எட்டாம் வகுப்பு பாஸ் செய்த பெண்களை எடுத்தார்கள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. ஒரு துண்டுத் தோலில் வளைவாகக் கோடு போட்டுக் கொடுத்து, அந்தக் கோட்டின் மேலேயே தைக்கச் சொன்னார்களாம். துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கின ஓட்டை அப்படியே நிற்கும். அக்கா ஒரே ஓட்டத்தில் தைத்துக் கொடுத்து வேலைக்குத் தேறிவிட்டாள். அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி வந்து காலண்டர் ஆணியில் மாட்டினாள். போகிறபோதும் வருகிறபோதும் அதைத் தொட்டுவிட்டுப் போவாள். அவள் ஒரு பொருளுக்கு அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

வேலையில் சேர இன்னும் மூன்று நாள் இருந்தது. குழாயடியில் அம்மா விழுந்துவிட்டார். ஒரு பக்கம் கையும் காலும் வரவில்லை. அப்பா விடியலில் போனால் இருட்டித்தான் வருவார். அம்மா நல்ல கனம். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க நான் முயற்சி செய்து, இரண்டு பேருமாகச் சரிந்தோம். அக்கா ஓடி வந்து தூக்கினாள். தூக்கி உட்கார வைத்துவிட்டு என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கம்பெனிக்கு நீ போ" என்றாள்.

"எனக்குப் பதினஞ்சு வயசுதானே ஆவுது."

"அங்க என் வயசத்தானே எழுதினுகீறாங்க."

"உன் பேரக் கூப்டுவாங்களே அக்கா."

"கூப்ட்டா இருக்கேன் சார்னு சொல்லு. வேற இன்னா கீது அதுல?" என்றாள். "ஆறு மாசம் போ. அம்மா எழுந்து நடந்துட்டா நான் வந்துட்றேன். நீ வூட்டுக்கு வந்துடு."

இரண்டு நாள், கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்தைப் போட்டுப் பழகினேன். சர்ட்டிபிகேட்டில் அங்க அடையாளம் என்று ஒன்று எழுதியிருந்தது. வலது முழங்கைக்குக் கீழே ஒரு கருப்பு மச்சம். எனக்கு அது கிடையாது. சேருகிற அன்று காலையில் அக்கா என் கையைப் பிடித்து, பேனா மையால் அதே இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். ஊதி ஊதிக் காய வைத்தாள். "இன்னைக்குக் கை கழுவாத" என்றாள்.

கம்பெனி கேட் வரைக்கும் வந்தாள். அக்காவைத் தைக்கச் சொல்லிப் பார்த்தவர் அங்கே இல்லை. உள்ளே வேறொரு ஆபீஸ்காரர் ஒரு தாளை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார். அக்கா பெயர் வந்தது. எனக்குச் சத்தம் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன். கேட் கம்பிக்கு வெளியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தாள். முகவாயைக் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டினாள். "இருக்கேன் சார்" என்றேன். அவர் சர்ட்டிபிகேட்டை வாங்கி ஒரு பைலில் வைத்துக் கட்டினார். கையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் பல வருஷம் முழங்கை மூடுகிற ரவிக்கையே தைத்துப் போட்டுக்கொண்டேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அக்கா பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அந்தப் பெயருக்குக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து பழக்கமில்லை. கம்பெனிக்குள் போனால் அக்காவாக இருந்தால் இப்போது என்ன சொல்வாள் என்றுதான் யோசிப்பேன், அதைச் சொல்லிவிடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பழையபடி வாயில்லாதவள் ஆகிவிடுவேன்.

ஒருமுறை எங்கள் வரிசையில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி நின்றுகொண்டே பசை தடவிக்கொண்டிருந்தாள். உட்கார விடவில்லை. நான் மெஷினை நிறுத்தினேன். "சார், மெஷின் சூடானா நிறுத்தி எண்ணெ உட்றீங்க. இவளுக்கு ஒரு ஸ்டூல் போடக்கூடாதா?" என்றேன். வரிசையே சிரித்தது. சூப்பர்வைசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூல் வந்தது. அதிலிருந்து எது கேட்க வேண்டும் என்றாலும் பெண்கள் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள்.

அன்றைக்கு வீட்டில் அக்கா அதை மூன்று தடவை சொல்லச் சொன்னாள். அம்மாவின் காலை நீவிவிட்டுக்கொண்டே, "அப்புறம் அவன் மூஞ்சி எப்டி ஆச்சு?" என்று கேட்டாள். தினமும் அப்படித்தான் கேட்பாள். இன்றைக்கு எந்த மெஷின், எந்த நம்பர் ஊசி, ஜன்னல் பக்கமா சுவர்ப் பக்கமா, டீ எத்தனை மணிக்கு வந்தது. என் மனசு லேசாகட்டும் என்று கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எழுந்து நடக்கவில்லை. ஏழு வருஷம் படுத்திருந்தார். ஆறு மாதம் எப்போது முடிந்தது என்று எங்கள் இரண்டு பேரில் யாரும் பேசவில்லை. அதற்குள் அந்தப் பெயருக்கு என் முகம் என்று கம்பெனி முழுக்க ஆகிவிட்டது. காலண்டர் ஆணியிலிருந்த தோல் துண்டு ஒருநாள் இல்லை. நான் கேட்கவில்லை.

அம்மா போன பிறகு ஒரு சாயங்காலம் அக்கா சொன்னாள். பைபாஸ் பக்கம் புதிதாக ஒரு கம்பெனி வருகிறது, பெண்களைச் சூப்பர்வைசர் வேலைக்குப் பழக்கி எடுக்கிறார்கள், எட்டாம் வகுப்பு போதும், ஆனால் ஒரிஜினல் சர்ட்டிபிகேட் கேட்கிறார்கள்.

"ஒரே பேர்ல ரெண்டு பேர் இருப்பாங்களா அக்கா?"

"இந்த ஊர்ல என் பேர்ல பத்து பேர் கீறாங்க. ஒரு வாரத்துக்கு அத வாங்கினு வா. பேங்க்ல கேக்கறாங்கனு சொல்லு. திருப்பிக் குடுத்துடலாம்."

அக்கா என்னிடம் கேட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

மறுநாள் ஆபீஸ் கதவு வரைக்கும் போனேன், திரும்பி வந்துவிட்டேன். அடுத்த நாளும் போனேன். மூன்றாம் நாள் உள்ளே இருந்தவர் தலையைத் தூக்கி, "இன்னாம்மா?" என்றார். பைலை எடுத்து எதிரில் பிரிப்பார், வயசைப் பார்ப்பார், மச்சத்தைப் பார்ப்பார், கையைக் காட்டு என்பார். என் கண்ணுக்கு அதுதான் தெரிந்தது. "ஒண்ணுமில்ல சார்" என்று வந்துவிட்டேன். யார் யாருக்கோ ஸ்டூல் கேட்டவள்.

வீட்டுக்குப் போய், "குடுக்க மாட்டேன்னுட்டாங்க அக்கா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன்."

"சரி உடு. அவங்க ரூல்ஸ் இன்னாவோ." கொடியில் துணி காய்ந்துவிட்டது என்று எடுக்கப் போனாள்.

அடுத்த வருஷம் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் வேலை செய்கிறவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தோம். நல்ல மனுஷர். அவர் சீக்கிரமே போய்விட்டார். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்கே வந்தாள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அப்பாவும் போன பிறகு மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அக்கா ஏஜெண்டிடம் அப்பர் வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பாள். அதற்குச் சர்ட்டிபிகேட் யாரும் கேட்பதில்லை. ஊசி குத்திக் குத்தி அவள் விரல் நுனியெல்லாம் தடித்துப் போயிருந்தது. என்னைவிட அவள் தையல் சுத்தமாக இருக்கும்.

அவள் வயசுக்கு ஐம்பத்தெட்டு ஆனபோது எனக்கு ரிட்டையர்மெண்ட் வந்தது. அதற்குள் எல்லாவற்றுக்கும் ஆதாரும் கைரேகையும் என்று ஆகிவிட்டது. என் ரேகை என் பெயரைச் சொல்லும். கம்பெனிப் பெயருக்கு ரேகை அக்காவிடம்தான் இருந்தது. அதனால் பி.எஃப். பணம் வாங்க, வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிற பி.எஃப். ஆபீசுக்கு அக்காதான் வர வேண்டியிருந்தது. நாங்கள் செய்தது சரியென்று சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அங்கே ஒரு அம்மா பேப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் பெஞ்சில் இருந்தேன்.

"எந்த செக்ஷன்மா?"

"தையல் மேடம். மொத ரெண்டு வருஷம் லைனிங் ஒட்டினேன். அப்புறம் மெஷின்ல போட்டாங்க. நாலாவது லைன், ஜன்னல் பக்கம்."

"அவ்ளோ வருஷமும் அதே லைனா?"

"நடுவுல ஒரு வருஷம் செக்கிங்ல போட்டாங்க. கண்ணு வலிச்சுது, மறுபடி மெஷினுக்கே கேட்டு வந்துட்டேன்."

அந்த ஒரு வருஷம் எனக்கே மறந்திருந்தது. அந்த அம்மா அடையாளம் கேட்டார். அக்கா வலது கையை மேஜை மேல் நீட்டினாள். மச்சம் அதன் இடத்தில் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். "இன்னிக்கு ஒருநாள் நானும் வேலைக்குப் போய்ட்டு வந்தேன்டி" என்று சிரித்தாள். கம்பெனியில் திருப்பிக் கொடுத்த சர்ட்டிபிகேட் பிளாஸ்டிக் கவரில் என் பையில் இருந்தது. எடுத்து அவளிடம் கொடுத்தேன். மடியில் வைத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். மடிப்பு கிழிந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

"அன்னிக்குக் குடுக்க மாட்டேன்னாங்களே. பரவால்ல, பத்திரமாத்தான் வச்சினு இருந்திருக்காங்க" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை. பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் ரொம்ப நேரம் நின்றது. நான் வெளியே வெள்ளரிக்காய் விற்கிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அக்காவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தாள். வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள், கூட்டி வந்தோம். நாலாம் நாள் மத்தியானம், கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டும்போது மச்சம் இருந்த அந்தக் கையை நான்தான் கழுவினேன்.

அவளைக் கூடத்தில் கிடத்தி, நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கம்பெனியில் என்னோடு வேலை செய்த நாலு பேர் பெரிய மாலையோடு அழுதுகொண்டே இறங்கினார்கள். யாரோ போனில் பெயரையும் தெருவையும் போட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் என்றால் நான்தான். முன்னால் வந்தவள் அந்த நாளில் ஸ்டூலில் உட்கார்ந்தவள். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள். உள்ளே காலை வைத்ததும் என்னைப் பார்த்தாள். மாலையோடு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நீ இங்க குந்தினுகீற" என்றாள். "அப்போ படுத்துனு இருக்கறது யாரு?"

பின்னால் வந்தவள், "உனக்கு அழுதுனே வந்தோம்டி. ஆட்டோக்காரன் பாவம் பார்த்துத் தண்ணி வாங்கிக் குடுத்தான்" என்றாள். அந்தத் துக்கத்திலும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், அக்கா மகளின் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எழுந்து உள்ளே போய்விடலாம் என்று தோன்றியது. அக்கா முகத்தைப் பார்த்தேன். தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்ததில் முகவாய் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது.

"இவ எங்க அக்கா" என்றேன். "நீங்க என்னக் கூப்ட்டீங்களே, அந்தப் பேரு இவளுது. வேலையும் இவளுது. இவ அம்மாவப் பாத்துக்கினா, அதனால நான் வந்தேன்."

மாலையோடு உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்: "அப்போ அன்னிக்கி எனக்கு ஸ்டூல் கேட்டது?"

"கேட்டது நான்தான். ஆனா இவளா இருந்துதான் கேட்டேன். எனக்கு அவ்ளோ தைரியம் ஏது?"

அவள் எழுந்து வந்து மாலையை அக்காவுக்குப் போட்டாள். காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மற்ற மூன்று பேரும் அப்படியே செய்தார்கள். முன்பின் பார்க்காத என் அக்காவை அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்கள். அந்தப் பெயரைக் கம்பெனிக்காரர்கள் வாயில் அவளுக்காகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அன்றைக்கும் சர்ட்டிபிகேட் விஷயத்தைச் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன். பாப்பா, உன் அம்மா கேட்டபோது நான் ஆபீசில் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ, தெரியாது. உன் அம்மா என்னை நம்பினாளா, தெரிந்தே விட்டுவிட்டாளா, அதுவும் தெரியாது. "கேட்டியா" என்று அவள் ஒரு தடவைக்கு மேல் கேட்டதில்லை. இதைப் புத்தகத்தில் போடுவதும் எடுத்துவிடுவதும் உன் இஷ்டம். போட்டால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் எழுதியதில் வருஷக் கணக்கெல்லாம் தப்பாக இருக்கலாம். அம்மா படுத்திருந்தது ஏழு வருஷமா எட்டா, அந்தப் புதுக் கம்பெனி வந்தது உன் அம்மாவின் கல்யாணத்துக்கு எத்தனை மாதம் முன்னால், யாராவது பெரியவர்களைக் கேட்டுப் பார். பிறந்த தேதியை மட்டும் என்னிடம் கேட்காதே. முப்பத்தொன்பது வருஷம் அவள் தேதியையே எழுதி எழுதி, என்னுடையது எது என்று எனக்கே குழம்பிவிட்டது. டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் அந்தச் சர்ட்டிபிகேட் இருக்கிறது. எடுத்துப் பார்த்து, அவளுடையதை அவளுக்குச் சரியாகப் போடு.